சாவி தொலையும் முன்பே சொல்லிவிடுங்கள்

வங்கிக் கிளைகளில் லாக்கர் பொறுப்பு பார்க்கும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களே,

உங்களில் பெரும்பாலோர் நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்தவர்கள். உங்கள் முகம் தெரியாவிட்டாலும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் மேசையைத் தெரியும். முகூர்த்த நாளுக்கு முந்தைய நாள் அந்த மேசைக்கு முன்னால் நிற்கும் வரிசையையும் தெரியும். மாஸ்டர் கீயைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்ட்ராங் ரூமுக்கும் கவுன்ட்டருக்கும் நடையாய் நடக்கும்போது, புதிதாக லாக்கர் எடுக்க வந்தவருக்கு ஒப்பந்தத்தை வாசித்துக் காட்ட யாருக்கு நேரம் இருக்கிறது? "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கடைசிப் பக்கத்துல ரெண்டு பேரும்" என்று பென்சிலால் டிக் போட்டுக் கொடுப்போம். அவர்களும் டிக் போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் உள்ள ஒரே ஒரு பிரிவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சாவி தொலைந்தால் லாக்கரை உடைக்கவும் பூட்டை மாற்றவும் புதுச் சாவி தரவும் ஆகிற எல்லாச் செலவையும் வாடிக்கையாளரே ஏற்க வேண்டும் என்று சொல்லும் பிரிவு. அது நியாயமற்றது என்று நான் சொல்ல வரவில்லை. தொலைத்தவர் கொடுக்கட்டும். ஆனால் எவ்வளவு என்பதை அவர் எப்போது தெரிந்துகொள்கிறார்? சாவி தொலைந்து, பதறி, கிளைக்கு ஓடி வந்து, இனி வேறு வழியே இல்லை என்று நிற்கும்போது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், லாக்கர் எடுத்த அன்றே, அந்தத் தொகையை எழுத்தில் அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இது என் சொந்த ஆசை மட்டுமல்ல. 2021 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட லாக்கர் விதிகளை எடுத்துப் பாருங்கள். பூட்டை மாற்றவும் தொலைந்த சாவிக்குப் பதில் வேறு தரவும் ஆகும் செலவை லாக்கர்காரரிடம் வாங்கலாம் என்று அதில் இருக்கிறது. அதை நம் வங்கிகள் எல்லாமே மறக்காமல் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டன. அதே பத்தியில், இந்தக் கட்டணத்தை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கிறது. அந்த வரி மட்டும் கவுன்ட்டருக்கு வந்து சேருவதற்குள் எங்கோ நின்றுவிடுகிறது. "நோட்டீஸ் போர்டில் சர்வீஸ் சார்ஜ் பட்டியல் ஒட்டியிருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது, டிமாண்ட் டிராஃப்ட் கமிஷனுக்கும் செக் புக் கட்டணத்துக்கும் கீழே, பொடி எழுத்தில். சில இடங்களில் அங்கேயும் தொகை இருக்காது, "நடைமுறைச் செலவு" என்று மட்டும் இருக்கும். கூடவே பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி.

தொகையை முன்கூட்டிச் சொல்ல முடியாது, மெக்கானிக் வந்து பார்த்தால்தான் தெரியும் என்ற பதிலை நானும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் புது லாக்கர் ஒதுக்கும்போது நாம் ஒரு வைப்புத்தொகை கேட்கிறோமே, அதன் கணக்கு என்ன? மூன்று ஆண்டு வாடகை, கூடவே லாக்கரை உடைக்க ஆகும் செலவு. விதியே அந்த அளவுக்குத்தான் அனுமதிக்கிறது. அப்படியென்றால் உடைக்க எவ்வளவு ஆகும் என்ற எண் லாக்கர் கொடுக்கும் நாளிலேயே வங்கியிடம் இருக்கிறது. வைப்புத்தொகை வாங்குவதற்குக் கைவசம் இருக்கும் எண், வாடிக்கையாளர் கேட்கும்போது மட்டும் ஏன் காணாமல் போகிறது? சரி, ஐந்து ஆண்டு கழித்து விலை மாறலாம். மாறட்டும். "இன்றைய நிலையில் இவ்வளவு, பின்னால் மாறக்கூடும், மாறினால் தெரிவிப்போம்" என்று எழுதுவதில் வங்கிக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

உடைப்பு நாள் எப்படி இருக்கும் என்பது உங்களில் சிலருக்கு இன்னும் வாய்க்காத அனுபவமாக இருக்கலாம். ஒரு கிளையில் நான் இருந்தபோது ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை வந்தார். வீடு மாறும்போது சாவி எங்கோ போய்விட்டது. பீரோ, அரிசி டப்பா, பழைய கைப்பை என்று எல்லாம் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்ககிட்ட இன்னொரு சாவி இருக்கும்ல?" பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். நம் மாஸ்டர் கீ அவருடைய சாவிக்கு மாற்று அல்ல, இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும், வாடிக்கையாளர் சாவிக்கு நகல் வங்கியில் கிடையாது என்று விளக்கினேன். லாக்கர் எடுத்து எத்தனையோ வருஷம் ஆன பிறகு அன்றுதான் அவருக்கு அது தெரிந்தது. இரண்டாவது கேள்வி, "எவ்வளவு ஆகும்?" பதில் சொல்ல யாரும் இல்லை. மூன்றாவது கேள்வியைப் பிறகு சொல்கிறேன்.

பூட்டுக் கம்பெனியின் மெக்கானிக் நகரத்திலிருந்து வர வேண்டும். சின்ன ஊர்க் கிளை என்றால் அவர் அந்தப் பக்கம் வருகிற நாள்வரை காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் போக்குவரத்துச் செலவும் நம் தலையில், அதாவது வாடிக்கையாளர் தலையில். கல்யாணம் பத்து நாளில் இருக்கிறவர்கள் படும் பாட்டைக் கேட்கவே வேண்டாம். கூட்டாக எடுத்த லாக்கர் என்றால் எல்லோருடைய கையெழுத்தும் கேட்கும் வங்கிகள் உண்டு. மகன் துபாயில் இருந்தால் அதற்கு ஒரு தனி அலைச்சல். கடைசியில் டிரில் சத்தம் போடும். இரும்புத் துகள் தரையெல்லாம் விழும். பூட்டு தளர்ந்த அந்த நொடி மிக முக்கியம். மெக்கானிக் விலகி நிற்க வேண்டும், கதவை வாடிக்கையாளர்தான் இழுக்க வேண்டும், நீங்களும் பார்வையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பதை லாக்கர்காரரைத் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது, பக்கத்து லாக்கர்களுக்கு எந்தப் பாதிப்பும் வரக் கூடாது என்பதெல்லாம் விதியில் எழுதியே இருக்கிறது. இதற்கெல்லாம் முன்பே அவர் யார் என்பதை உறுதி செய்திருக்க வேண்டும், சாவி தொலைந்ததைப் பதிவு செய்திருக்க வேண்டும், உடைக்கச் சொல்லி அவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அவரும் ஒரு வங்கி அதிகாரியும் அங்கேயே நிற்க வேண்டும். இந்த நடைமுறையில் பெரும்பாலான கிளைகள் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. பணம் பேசும் இடத்தில்தான் நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

ஆசிரியையின் மூன்றாவது கேள்வி: "பேங்க்ல இருக்கறதுதானே, இன்சூரன்ஸ் இருக்குமே?"

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்லுங்கள். ஏனென்றால் இதில்தான் மக்கள் மனத்தில் பெரிய குழப்பம் இருக்கிறது, அதற்கு நாமும் ஓரளவு காரணம். 2021 விதிகளுக்குப் பிறகு "லாக்கரில் எது போனாலும் வாடகையைப் போல நூறு மடங்கு வங்கி கொடுக்கும்" என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. ஆண்டு வாடகை 3,000 ரூபாய் என்றால் உச்சவரம்பு மூன்று லட்சம். அது சரிதான். ஆனால் அந்தப் பொறுப்பு எப்போது வரும்? வங்கியின் குறைபாட்டாலோ கவனக்குறைவாலோ தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிந்து விழுவது போன்றவை நடந்தால், அல்லது ஊழியரே மோசடி செய்தால். நிலநடுக்கம், வெள்ளம், இடி மின்னல் போன்ற இயற்கைச் சீற்றத்தால் வந்த சேதத்துக்கும், முழுக்க வாடிக்கையாளர் தவறால் வந்த இழப்புக்கும் அது பொருந்தாது. சாவி தொலைந்து பூட்டு மாற்றும் செலவுக்கும் இந்த நூறு மடங்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இது காப்பீடும் அல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது, அதனால் அதை இன்சூர் செய்யும் பொறுப்பும் வங்கிக்கு இல்லை. லாக்கரில் உள்ள பொருளுக்கான இன்சூரன்ஸ் பாலிசியை லாக்கர்காரரிடம் விற்கவும் நமக்கு அனுமதி இல்லை. நேரடியாகவும் கூடாது, சுற்றிவளைத்தும் கூடாது. மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக யாராவது அப்படி ஒரு பாலிசியை லாக்கர் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கட்டினால், அது விதிமீறல் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

அப்படியானால் வெளியே வாங்கிய பாலிசி கைகொடுக்குமா? வீட்டுக் காப்பீடு, நகைக் காப்பீடு என்று தனியாக எடுத்தவர்கள் இருக்கிறார்கள். சில பாலிசிகளில் லாக்கரில் வைத்த நகையும் சேரும், சிலவற்றில் சேராது. சேர்ந்தாலும் அது நகைக்கான காப்பீடு, பூட்டுக்கானது அல்ல. 2021 ஏப்ரலில் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டும் என்று வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படையில் அது தீ, வெள்ளம் வகையறாவுக்கான காப்பீடு. திருட்டு அதில் வருவது, அப்படி ஓர் ஆபத்து நேர்ந்து, அதன் விளைவாக ஏழு நாளைக்குள் பொருள் திருடு போனால் மட்டும்தான். சாவியைத் தொலைத்த கதையெல்லாம் அங்கே எடுபடாது.

காப்பீட்டு உலகம் சாவியைப் பார்க்கும் பார்வையே வேறு. கதவை உடைத்துத் திருடினால் அதற்குப் பணம். சாவி போட்டுத் திறந்து எடுத்துப் போனால் கேள்வி மேல் கேள்வி. கன்னக்களவுக்கான பாலிசியில் இழப்பீடு கிடைக்க, வன்முறையோ பலப்பிரயோகமோ நடந்திருக்க வேண்டும் என்று 2004இல் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் தொடர்பான வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலிசியில் அப்படி எழுதியிருக்கிறது, எழுதியதை மாற்றிப் பொருள் கொள்ள முடியாது என்பதே அதன் சாரம். இதற்கு மேல், கடைகளும் அலுவலகங்களும் எடுக்கும் பாலிசிகளில் சாவிக்கென்றே ஒரு விலக்கு இருக்கும். இரும்புப் பெட்டியை அதன் சொந்தச் சாவியாலோ நகல் சாவியாலோ திறந்து எடுத்திருந்தால் இழப்பீடு கிடையாது. அடித்தோ மிரட்டியோ சாவியைப் பிடுங்கியிருந்தால் மட்டும் உண்டு. நகைக்கடைக்காரர்களும் ரைஸ் மில்காரர்களும் இதை நன்றாக அறிவார்கள். சம்பளக்காரக் குடும்பங்களுக்குத்தான் இது போய்ச் சேரவில்லை.

சாவியையும் பூட்டையும் வெளிப்படையாகப் பெயர் சொல்லி இன்சூர் செய்கிற ஓர் இடம் இருக்கிறதென்றால் அது கார். கூடுதல் பிரீமியம் கட்டினால் சாவி தொலைந்ததற்கும், திருடு போனால் பூட்டுத் தொகுதியையே மாற்றுவதற்கும் பணம் தரும் துணைப் பாலிசியைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. திருட்டு என்றால் எஃப்ஐஆர் கேட்பார்கள், இவ்வளவுக்கு மேல் இல்லை என்று வரம்பு போடுவார்கள். கார் திருடு போனால் இரண்டு சாவியையும் கொண்டு வா என்பார்கள். ஒன்று எப்போதோ தொலைந்திருந்தால், அதைத் தொலைந்த அன்றே எழுதிக் கொடுத்தவர் தப்பிப்பார், மற்றவர் வாதாட வேண்டியிருக்கும். காருக்கு இதெல்லாம் இருப்பதால்தான் மக்கள் லாக்கருக்கும் ஏதோ இருக்கும் என்று நினைக்கிறார்கள். ஷோரூமில் கார் விற்கிற பையன் அந்தத் துணைப் பாலிசியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுகிறான். அவனுக்குக் கமிஷன் இருக்கிறது. நமக்குப் பேச எந்தக் கமிஷனும் இல்லை, அதனால் நாம் பேசுவதில்லை. கசப்பாக இருந்தாலும் நடப்பு இதுதான்.

இன்னொரு பயமும் வாடிக்கையாளருக்கு இருக்கிறது: தொலைந்த சாவி வேறொருவன் கையில் கிடைத்தால்? இதற்கு நீங்கள் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அந்தச் சாவி மட்டும் இருந்தால் கதவு திறக்காது. மாஸ்டர் கீ உங்களிடம். கையெழுத்துச் சரிபார்ப்பு உங்களிடம். லாக்கர் திறந்த அன்றே மின்னஞ்சலும் எஸ்எம்எஸ்ஸும் அவருக்குப் போயாக வேண்டும். ஸ்ட்ராங் ரூம் நுழைவாயில் கேமராப் பதிவை 180 நாளாவது வைத்திருக்க வேண்டும். கிடைத்த சாவியோடு வந்த அந்நியனுக்கு லாக்கரைத் திறந்துவிட்டுப் பிறகு "சாவியைத் தொலைத்தது உங்கள் தப்பு" என்று ஒப்பந்தத்தைக் காட்டித் தப்ப முடியாது. ஆளைச் சரிபார்க்காமல் விட்டது நம் தப்பு. நியாயமற்ற நிபந்தனைகள் ஒப்பந்தத்தில் இருக்கக் கூடாது, வங்கியின் நலனைக் காக்க வழக்கமாகத் தேவைப்படுவதை விடக் கடுமையாக இருக்கக் கூடாது என்று விதி சொல்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்பதற்குத் தனி வரையறையே வந்துவிட்டது. மீறலால் ஏற்பட்ட நஷ்டத்துக்குத் துளியும் பொருந்தாத அபராதம் போடுவதும் அதில் அடங்கும். அதனால் பூட்டுக் கம்பெனி நமக்குக் கொடுத்த பில்லின் நகலையும் வாடிக்கையாளரிடம் வாங்கிய தொகைக்கான ரசீதையும் சேர்த்தே கொடுத்துவிடுவது உங்களுக்கே பாதுகாப்பு.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொல்கத்தாவின் தேசப்ரியா பார்க்கில் யுனைடெட் பேங்க் ஆஃப் இந்தியா கிளை ஒன்று இருந்தது. 1994இல் வாடகை பாக்கி என்று ஒரு லாக்கரை உடைத்துவிட்டார்கள். உரிமையாளருக்கு முறையாகச் சொல்லவில்லை. அவர் வந்து பார்த்தபோது லாக்கர் வேறொருவருக்குப் போயிருந்தது. ஏழு நகை வைத்திருந்தேன் என்றார், இரண்டுதான் திரும்பக் கிடைத்தது. வழக்கு இழுத்து இழுத்து 2021 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு. தவறு செய்த அதிகாரிகள் பணியில் இருந்தால் அவர்கள் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னது நீதிமன்றம். ஆறு மாதத்துக்குள் விதி வகுக்கும்படி ரிசர்வ் வங்கிக்கும் உத்தரவு போனது. ஆகஸ்டில் வந்த விதிகள் அதன் விளைவுதான். அந்த வழக்கில் சாவி தொலையவில்லை, ஆனாலும் பூட்டை உடைக்கும் அதிகாரம் கையில் இருக்கிற எவருக்கும், சம்பளத்தில் பிடித்தம் என்ற அந்தச் சொல் நினைவில் இருப்பது நல்லது.

அதன் பிறகு பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் புது ஒப்பந்தம் வாங்கச் சொன்னார்கள். முதலில் 2023 ஜனவரி 1 கெடு, பிறகு அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை நீட்டிப்பு. எத்தனை ரூபாய் முத்திரைத்தாள் என்பதில் கிளைக்கு ஒரு பதில் சொன்னோம், வயதானவர்களை இரண்டு மூன்று தடவை அலைய விட்டோம். அத்தனை அலைச்சலுக்கும் பிறகு, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு பிரதியை வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எத்தனை கிளைகளில் நிறைவேறியது? எனக்குத் தெரிந்த வட்டத்தில் கேட்டுப் பார்த்தேன். "கையெழுத்துப் போட்டேன், பேப்பர் எதுவும் தரலையே" என்பவர்கள்தான் அதிகம். சாவி தொலைந்தால் என்ன செய்வது என்று அவர் வீட்டில் எடுத்துப் பார்க்க ஒரு தாள்கூட இல்லையென்றால், அவர் உங்களிடம் வந்து சண்டை போடுவதைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே தோழர்களே, மேலிடத்துச் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்காமல் உங்கள் மேசையிலேயே செய்யக்கூடியதைக் கேட்கிறேன். லாக்கர் கொடுக்கும் நாளில் அரைப் பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்பு. சாவி ஒன்றுதான், நகல் இல்லை. தொலைந்தால் உடனே எழுதிக் கொடுங்கள். உடைத்துப் பூட்டு மாற்ற இன்றைய கட்டணம் இவ்வளவு, ஜிஎஸ்டி சேர்த்து இவ்வளவு, மெக்கானிக் வர இத்தனை நாள் ஆகலாம். கூட்டு லாக்கர் என்றால் யார் யார் வர வேண்டும். உள்ளே இருப்பதற்கு வங்கி இன்சூரன்ஸ் எடுக்காது, வேண்டுமென்றால் வெளியே விசாரித்து எடுங்கள், எடுக்கும்போது லாக்கரில் இருக்கும் நகைக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். அவ்வளவுதான். அதில் அவர் கையெழுத்தை வாங்கி ஒப்பந்தத்தோடு கோத்து வைத்துவிட்டால் பின்னால் வரும் வாக்குவாதத்தில் பாதி குறையும். மேனேஜர் மறுத்தால், கட்டணத்தைத் தெரிவிக்கச் சொல்லும் ரிசர்வ் வங்கி விதியின் அந்தப் பத்தியை எடுத்து முன்னால் வையுங்கள்.

இன்னும் ஒன்று. சாவி தொலைந்ததாக எழுதிக் கொடுக்கும்போதே, பின்னால் கிடைத்தால் ஒப்படைக்கிறேன் என்று ஓர் உறுதிமொழியும் வாங்குகிறோம். சில பேர் பாவம், ஆறு மாதம் கழித்துப் பூஜை அறை மாடத்திலிருந்து எடுத்தேன் என்று உண்மையாகவே கொண்டு வந்து நீட்டுவார்கள். பூட்டு மாற்றியாகிவிட்டதால் அந்தச் சாவிக்கு ஒரு பயனும் இல்லை என்றாலும், அதில் பொறித்திருக்கும் குறியீடு எந்த வங்கி, எந்தக் கிளை என்று காட்டிக்கொடுக்கும். "சரி, அங்க வச்சுட்டுப் போங்க" என்று அனுப்பிவிடாதீர்கள். ரிஜிஸ்டரில் பதிந்து, பெற்றுக்கொண்டதற்கு ஓர் ஒப்புகைச் சீட்டு எழுதி, தேதி போட்டு, சீல் வைத்துக் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே மாஸ்டர் கீ சுமந்த ஓய்வுபெற்ற அதிகாரி